சென்னம்மாளின் பழுப்புப் பல்

தடுக்கி விழுந்ததில் சென்னம்மாளுக்கு உடைந்தது ஒரே ஒரு முன்பல்தான். ஆனால் தருமபுரி பல் மருத்துவமனையில் எல்லாருடைய பல்லையும் ஒரே மாதிரி ஆக்கும் சீர்மைக் கருவியோ, மேல்வரிசை முன்பற்கள் ஆறையும் அராவி, ஒரே வெண்மையில் உறை மாட்டத் தீர்மானித்திருந்தது. ஊர்த் தண்ணீர் அவள் பற்களில் விட்டுச்சென்ற பழுப்புக் கோடுகளை அது நோய் என்றே கணக்கிட்டது.

கருவியின் கை நெருங்கியதும் அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வாயத் திறம்மா," என்றார் மருத்துவர் ரெஹானா.

"அந்த இரும்புக் கைய நகத்துங்க, திறக்கறேன். நல்லாயிருக்கற அஞ்சு பல்ல எதுக்கு அராவணும்? உடைஞ்சதுக்கு மட்டும் பக்கத்துப் பல்லு மாதிரியே கோடு போட்டு உறை மாட்டுங்க."

"வெள்ளையத் தவிர அதுக்கு வேற எதுவும் தெரியாதும்மா."

"உங்களுக்குமா டாக்டர்?"

ரெஹானா கருவியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, கையில் பிடிக்கும் டிரில்லை எடுத்தார். உடைந்த பல்லை மட்டும் செதுக்கினார்; பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து, உறையின் மேல் பழுப்புக் கோட்டைத் தூரிகையால் இழுத்து மாட்டினார்.

வாசலிலும் கருவிக்கு ஒரு கேமராக் கண் இருந்தது; அதற்குச் சிரித்துக் காட்டிவிட்டுத்தான் யாரும் வெளியே போக வேண்டும். சென்னம்மாள் அந்தக் கண்ணுக்கு எதிரே நின்று, ஈறு தெரியச் சிரித்தாள்.

"அழகுச் சோதனையில் தேறவில்லை," என்றது கருவி. "ஆறும் இயற்கைப் பற்கள். உறை மாட்டப்படவில்லை. மீண்டும் நாற்காலிக்குச் செல்லவும்."

"மாட்டினது எதுன்னு மொதல்ல நீ கண்டுபிடி, அப்புறம் வரேன்," என்று சொல்லி, அவள் அதே சிரிப்போடு தெருவில் இறங்கினாள்.