சிட்னியிலிருந்து வந்த மகன்

1986. நியூ லின்னில் இருந்த அப்பாவின் வீட்டுக்குள் நுழைந்ததுமே டேனியலுக்குச் சந்தேகம் தட்டியது. அப்பாவை நேற்றே அடக்கம் செய்தாயிற்று. ஆனாலும் கூடம் நிறையக் கிழவர்கள். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

சிட்னியில் பணம் குவியத் தொடங்கியதிலிருந்து, பதினைந்து வருடமாக அவன் யூத ஜெபக்கூடத்துப் பக்கமும் போனதில்லை, அப்பா பக்கமும் வந்ததில்லை.

அப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொண்ட மகேசனைச் சமையலறைக்கு இழுத்துப் போனான்.

"யார் இந்தக் கழுகுகள்? சொத்தில் பங்கு கேட்டு வந்தவர்களா?"

"இல்லைத் தம்பி."

"அப்படியென்றால் கடையை உன் பேருக்கு எழுதி வாங்கிவிட்டாய். இவர்கள் உன் சாட்சிகள்!"

"கடை உங்களுக்குத்தான். சாவி அந்த மேசையில கிடக்குது."

"பிறகு எதற்குக் காத்திருக்கிறார்கள்?"

"உங்களுக்காக." மகேசனின் குரல் தணிந்தது. "அப்பாவுக்கான ஜெபத்தைச் சொல்ல யூத ஆம்பிளையள் பத்துப் பேர் வேணுமாம். நேற்றிலிருந்து ஒன்பது பேர்தான். நானும் போய் நின்டு பாத்தன். நான் இந்து, என்னை எண்ண ஏலாதாம்."

டேனியல் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"உங்களை எண்ணுவினம், தம்பி."