நாற்பத்தேழாவது கேள்வி

நாற்பத்தேழாவது கேள்விக்கு சார்லஸ் மறுபடியும் தப்பாகப் பதில் சொன்னான்.

சிதம்பரத்தில் இருவரும் ஏறிய பாண்டி பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பாண்டியில் பதினோரு மணிக்குச் சார்லஸுக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை. கேள்விப் புத்தகம் அனிதாவின் மடியில் இருந்தது. வேறு கேள்வியாக இருந்திருந்தால், கட்டின புருஷன் என்றும் பார்க்காமல் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள்.

மற்றதையெல்லாம் மனுஷன் கரைத்துக் குடித்திருந்தான். வைரஸ் வந்தால் முதலில் எந்த ஒயரைப் பிடுங்குவது, பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து இருக்கவேண்டும், பழைய ஹார்டு டிஸ்க்கை எப்படி ஒழித்துக்கட்டுவது, எதைக் கேட்டாலும் டாண் டாண் என்று வந்தது. இது ஒன்றில்தான் வண்டி மக்கர் பண்ணியது.

கேள்வி ஒன்றும் பிரமாதம் இல்லை. உங்களோடு வேலை பார்ப்பவர், முன்பின் தெரியாத ஆளிடம் போனில் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். என்ன செய்வீர்கள்?

உடனே மேலதிகாரியிடம் சொல்லவேண்டும். அதுதான் சரியான விடை, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சார்லஸ் ஐந்து தடவையும் அதை விட்டுவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்துவிடவேண்டும் என்று, கொடுத்திருந்த நாலு விடைகளில் நான்காவதையே சொன்னான்.

போன தடவை அவன் கோட்டைவிட்டதே இந்தப் பாதுகாப்புப் பகுதியில்தான். இந்தத் தடவையும் போனால், பாண்டியில் ஒரு கம்பெனிக்காரர்கள் அவனுக்கென்று வைத்திருக்கும் கம்ப்யூட்டர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாசக் கடைசிக்குள் சர்டிபிகேட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

அது கிடைக்காவிட்டால் பழையபடி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் ரீசார்ஜ் கடைதான். மூன்று வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், ஒருகாலத்தில் 'கம்ப்யூட்டர் சார்' என்று ஆபீஸே கூப்பிட்ட ஆள்.

அது ஓ.டி. என்கிற கடலூர் பழைய டவுனில் ஒரு பார்சல் ஆபீஸ். அங்கே கம்ப்யூட்டருக்கு அவன்தான் பொறுப்பு. பாஸ்வேர்டு என்னவோ எல்லோருக்கும் பொது. மறந்துபோகிறவர்களுக்காக மாதா படம் போட்ட காலண்டரின் பின்பக்கம் அதை எழுதி வைத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், கம்ப்யூட்டரில் மூன்று மாசப் புக்கிங் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. யாருடைய பெட்டி எந்த ஊருக்கு என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. யாரோ வெளியாள் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு உள்ளே புகுந்திருக்கிறான் என்றார்கள். உன்னைத் தவிர வேறு யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டு, அன்று சாயங்காலமே சார்லஸை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சொன்னது அனிதா.

அதே ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை அவளுக்கு. சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஹெட் ஆபீஸிலிருந்து ஜி.எம். பேசுகிறேன் என்றது ஒரு கனத்த குரல். ஜி.எம். என்ற வார்த்தையைக் கேட்டதுமே செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். நின்றபடியே காலண்டரைத் திருப்பி, எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினாள். போனை வைக்கும்போது தேங்க்யூ சார் வேறு.

அடுத்த வருஷம் சார்லஸ் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அவள் உடனே தலையாட்டினாள். ஆசைதான். ஆனாலும் சொல்லாமல் கட்டிக்கொள்கிறோமே என்ற பயம் அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்தது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. பாவமன்னிப்பு கேட்கச் சர்ச்சுக்குப் போய்ச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், இதை மட்டும் விழுங்கிவிடுவாள்.

குடிகாடு வந்தது. அங்கிருக்கும் கெமிக்கல் கம்பெனிகளின் நாற்றத்துக்குப் பயந்து பஸ்ஸில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஜன்னலை மூடினார்கள். இன்னும் பத்து நிமிஷத்தில் அந்தப் பார்சல் ஆபீஸ் வாசல் வந்துவிடும். அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் குனிந்துகொள்வது வழக்கம். இன்றைக்குக் குனிந்துகொள்ளப் புத்தகம் இருந்தது.

நாற்பத்தேழை ஆறாவது தடவையாகப் படித்தாள். ஆறாவது தடவையும் அவன் நான்காவதைத்தான் சொன்னான்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சரியான விடை கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே, அதைச் சொல்வதற்கு வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டாள். ஒரே ஒரு கேள்வியில் பரீட்சை போய்விட்டால் இந்த வேலையும் போய்விடுமே என்றாள்.

சார்லஸ் மூடின ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பரிட்சையில கரெக்டாத்தான் போடுவேன் அனிதா. ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு, மேல போயி சொல்லிடுவேன்னு சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது."

புத்தகம் அவள் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். கேட்டது அவன் காதில் விழுந்ததா என்றுகூடச் சந்தேகம், அவ்வளவு சின்னதாக வந்தது குரல்.

சார்லஸ் குனிந்து புத்தகத்தை எடுத்து, தூசியைத் தட்டி அவள் மடியில் வைத்தான்.

"அன்னைக்கே தெரியும். ஜெராக்ஸ் மெஷினு பின்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தேன். நீ செருப்பக் கழட்டிட்டு எந்திரிச்சு நின்னதப் பாத்து, நெசமாவே ஜி.எம்.தான்னு நெனச்சிட்டேன். மடிச்சிவுட்டிருந்த சட்டைக் கைய எறக்கிவுட்டுக்கிட்டு நானும் நேரா நின்னேன்."