பூட்டுக்காரருக்கு விழுந்த திட்டு

"கடைசியா இறங்கினது யாருன்னு அவனைக் கேளு," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"சாவியை உள்ளே கொக்கியில மாட்டினது யாருன்னு அவரைக் கேளும்மா," என்றான் மகன்.

இருவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அந்த ஒரு முழத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் அது. ஏரிக்கரையில் நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு, காப்பியோடு மூவரும் வெளியே வந்த நேரம் பார்த்துக் காற்று ஓங்கி அடித்தது. கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. ஓட்டுநர் பக்கக் கதவும் பூட்டியிருந்தது. சாவி உள்ளே. மூன்று பேரின் செருப்பும் உள்ளே.

முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர் அப்பா. மகனுக்கும் ரயில்வேயில் வேலை கிடைத்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சுற்றுலா பஸ் ஓட்டப் போய்விட்டான்.

"ரயில்வே குடும்பத்துல பஸ்ஸா!" என்றவர், அன்றோடு பேச்சை நிறுத்தினார். இரண்டு வருஷம் ஆகிறது.

அறுபதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று இருவரும் அம்மாவைத் தனித்தனியாகக் கேட்டார்கள்.

"ஒண்ணும் வேணாம். ரெண்டு பேரும் ஒரே வண்டியில என்னோட மூணு நாள் வாங்க, போதும்."

வந்தார்கள். மகன் முன்னால் ஓட்டினான். அப்பா பின்னால் படுக்கையில், திரையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். "வளைவுல மெதுவாப் போகச் சொல்லு," என்று திரைக்குப் பின்னாலிருந்து வரும். "மெதுவாத்தான் போறேன்னு சொல்லும்மா," என்று முன்னாலிருந்து வரும். இரண்டு நாளில் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இது மூன்றாவது நாள்.

மகன் ஃபோன் செய்ததும், பக்கத்து ஊரிலிருந்து பூட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். தொப்பையும் வியர்வையுமாக ஒரு ஆள். பையைத் திறந்தார், மண்டி போட்டார், கம்பியை விட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கச் சொல்லு," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"அவருக்கே தெரியாதாம்னு சொல்லும்மா."

ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம் போச்சு. இந்த ஆளு பூட்டைத் திறக்கறானா, இல்ல அதுக்குக் காது குடையறானா?"

மகன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"கம்பியையே தலைகீழாப் பிடிச்சிருக்காருப்பா," என்றான்.

"அதைத்தானே நானும் பாத்துட்டு இருக்கேன்!"

அம்மா காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். குறுக்கே ஒரு வார்த்தை சொன்னால்கூட இந்தப் பேச்சு நின்றுவிடும் என்று தோன்றியது.

பூட்டுக்காரர் கம்பியை மாற்றினார். பிறகு திருப்புளியை எடுத்தார். பிறகு பழைய கம்பியையே எடுத்தார்.

"என் ஸ்டேஷன்ல இப்படித்தான் ஒரு ஆளு," என்று நாற்காலியை மகன் பக்கம் இழுத்துப் போட்டார் ஸ்டேஷன் மாஸ்டர். "பச்சைக் கொடி காட்டச் சொன்னா, கொடியைத் தேடிட்டு வர்றதுக்குள்ள வண்டி அடுத்த ஸ்டேஷன் போயிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவனுக்கும் சேர்த்து நானே கொடி காட்டினேன். எட்டு வருஷம்."

அரை மணி ஆனது. முக்கால் மணி ஆனது. பூட்டுக்காரரின் கம்பி, கை, தொப்பை, ஸ்கூட்டர் என்று அப்பாவும் பிள்ளையும் ஒன்று விடாமல் பேசித் தீர்த்தார்கள். தீர்ந்ததும் பேச்சு எங்கெங்கோ போனது.

"உன் பஸ்ல எத்தனை பேர் வருவாங்க?"

"நாப்பத்தஞ்சு பேருப்பா."

"மலைப்பாதையா?"

"வாரத்துல நாலு நாள்."

"பிரேக்கை யார் பாக்கறது?"

"நானே பாத்துடுவேன். ஏறும் முன்னாடி ஒரு தடவை, இறங்கும் முன்னாடி ஒரு தடவை."

ஸ்டேஷன் மாஸ்டர் ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தார்.

"ம். அப்படித்தான் பாக்கணும்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா ஏரிக்கரை வரைக்கும் வெறுங்காலோடு ஒரு நடை போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"எங்க டிபார்ட்மெண்டா இருந்தா இந்நேரம் உமக்கு மெமோ வந்திருக்கும்!" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"வேற தொழில் இருந்தா பாருங்க, அண்ணே," என்றான் மகன்.

"சரிங்க," என்றார் பூட்டுக்காரர்.

இருவரும் வண்டியில் ஏறினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் பின்னால் போகவில்லை. முன்னால், ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

அம்மாவுக்குத் தர்மசங்கடமாக இருந்தது. ஸ்கூட்டர் அருகே போனாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. வாய்க்கு வந்தபடி பேசிட்டாங்க. ரொம்பக் கஷ்டமான பூட்டோ?"

"இல்லம்மா. மூணாவது நிமிஷமே திறந்துடுச்சு."

"அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா.

"'அவனைக் கேளு, அவரைக் கேளு'ன்னு உங்களை நடுவுல விட்டுட்டு நின்னாங்க. என்னைத் திட்டறப்பதான் நேருக்கு நேர் பேசினாங்க. அதான், சத்தம் வராம மறுபடி பூட்டிட்டேன்."

அம்மா வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தாளு இன்னும் கிளம்பலையாப்பா?" என்று உள்ளே மகனின் குரல் கேட்டது.

"அவனுக்கு ஸ்கூட்டர் பூட்டையாவது ஒழுங்காத் திறக்கத் தெரியுதான்னு பாரு!"

பூட்டுக்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் விடாம என்னைத் திட்டிக்கிட்டே போகச் சொல்லுங்கம்மா."