வாசலில் விட்ட சப்பாத்து

கல்லறைத் தோட்டத்து வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்தேன்.

"விரல் விறைச்சு விழுந்தால் சொல்லு. அதுக்கும் ஒரு குழி வெட்டித் தாறன்" என்றான் லூக்காஸ். என்னோடு இங்கே புல் வெட்டுகிறவன்.

போரில் இறந்தவர்கள் கிடக்கும் இடத்துக்குள் நாங்கள் சப்பாத்தோடு போவதில்லை. ஊரில் வந்த பழக்கம். ஜெர்மனிக்கு, இந்தக் கொலோன் நகரத்துக்கு வந்தும் விடவில்லை.

கடைசி வரிசையில் பிரெஞ்சுக்காரன் எமில் வாசெல். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டக்காரன். முதலாம் உலகப் போரில் சிப்பாயானான். பிடிபட்டு இங்கே முகாமில் இருந்தான். தப்பி ஓடிவிடுவான் என்று சப்பாத்தைப் பறித்தார்களாம். அந்தக் குளிர்காலத்தை அவன் தாண்டவில்லை.

அவனுடைய கல்லைத்தான் முதலில் கழுவுவேன்.

என் தம்பி நிலக்ஷனும் அதே தூரம் ஓடியவன். வீட்டில் இருந்தது ஒரு சோடிச் சப்பாத்து, என்னுடையது. அவனுக்கு இரண்டு அளவு பெரிது. நுனியில் காகிதம் அடைத்து, அதைப் போட்டுத்தான் மாவட்டத்தில் முதலாவதாக வந்தான். பிறகு இயக்கத்துக்குப் போனான். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

இன்று நவம்பர் இருபத்தேழு. போரில் இறந்த எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கேற்றும் மாவீரர் நாள்.

சட்டைப்பையில் ஒரு மெழுகு விளக்கு. ஒவ்வொரு வருடமும் கொண்டுவருவேன். நெருப்புப்பெட்டி கொண்டுவருவதில்லை.

காலையிலும் அம்மா தொலைபேசியில் சொன்னாள். "விளக்கைக் கொளுத்திப்போடாதை ராசா. அவன் வர இருக்கிறான்."

ஒரு மாதமாக, வேலை முடிந்து வாசலுக்கு வரும்போது சப்பாத்து உள்ளே சூடாக இருக்கிறது. அடியில் புதுச் சேறு.

லூக்காஸின் விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். அவனுடைய கால் அதற்குள் நுழையாது.

பிறகு, எமில் என்று முடிவு செய்தேன். நூறு வருடம் வெறுங்காலோடு கிடந்தவன். ஓடட்டும்.

இன்றும் சேறு இருந்தது. சூடும் இருந்தது.

வலது காலை விட்டேன். விரல்கள் எதிலோ முட்டின.

கையை விட்டுப் பார்த்தேன். நுனியில் காகிதம். இறுக்கி உருட்டித் திணித்திருந்தது.

இடதிலும் இருந்தது.

காகிதத்தை வெளியே எடுக்கவில்லை. இரண்டு சப்பாத்தையும் இருந்தபடியே வைத்தேன்.

வெறுங்காலோடு திரும்ப உள்ளே போய், லூக்காஸிடம் லைட்டர் கேட்டேன்.