விலா நரம்பு

“இழுங்க. நல்லா இழுங்க.”

“இழுத்தாச்சு.”

“இதுக்குப் பேரு இழுக்கறதா? நம்ம வூட்டுக் கோழி இதவிட நல்லா மூச்சு வுடும்.”

“எந்திரிச்சுப் போடி. பலகைய எடுத்து ஓரமா…”

“எடுக்க மாட்டேன். இன்னும் பத்துத் தடவ பாக்கி.”

மேசைமேல் பலகை. பலகை முழுக்க நாச்சி முகப்பவுடர் தடவியிருந்தாள். கை வழுக்கிக்கொண்டு போகும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் காட்டித் தந்த வழி. அந்தப் பவுடரின்மேல் புருஷனுடைய வலது கை அவள் பக்கமாக நீண்டு கிடந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போல.

பைபாஸில் வண்டி சறுக்கி அவர் தோள் தரையில் மோதிப் பதினேழு மாதம். தோளிலிருந்து விரல் நுனி வரை செத்த கை. நாலாம் மாதம் அறுத்து, விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் மூச்சு நரம்பை எடுத்துக் கைக்குத் திருப்பித் தைத்தார்கள். மூச்சை இழுத்தால் முழங்கை மடங்கும், முதலில் அப்படித்தான் வரும் என்றார் டாக்டர்.

வரவில்லை.

வருகிற புதன்கிழமை பார்ப்பார். அப்போதும் அசையாவிட்டால் இனி நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று போன தடவையே சொல்லிவிட்டார்.

“உங்களுக்கு அக்கற இல்ல. எனக்குத்தான் இருக்குது.”

“யாரு கேட்டா உன் அக்கறைய?”

“யாரும் கேக்க வேண்டாம். தினமும் வெரல் வெரலா நீவி வுடறது நானு. நகம் வெட்டறது நானு. பாதி இந்தக் கை என்னுது. இழுங்க.”

அவளுக்கே தன் குரல் கேட்டுச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்தப் பதினேழு மாதமாகத்தான் இப்படி ஒரு குரல். எங்கிருந்து வந்தது என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

அவர் யோசித்திருப்பார் போல.

“முன்னயெல்லாம் எம் முன்னால நின்னு இப்பிடிப் பேசியிருப்பியாடி நீ?”

“பேசியிருக்க மாட்டேன். இப்பப் பேசறேன். என்ன பண்ணுவீங்களாம்?”

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. கத்துவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

பவுடரில் ஒரு கோடு விழுந்தது.

முழங்கை மடங்கியது. நீண்டு கிடந்த கை அவளைவிட்டு விலகி, வழுக்கிப் பின்னால் போய், அவர் மார்போடு சேர்ந்தது.

முன்பெல்லாம் அவள் கன்னத்தில் விழுவதற்கு முன்னால் அந்தக் கை இப்படிப் பின்னால்தான் போகும்.

நாற்காலி உருண்டது. அவள் சுவரோரம் இருந்தாள். எப்போது எழுந்தாள், எப்படி வந்தாள், தெரியவில்லை. இரண்டு கையும் முகத்தை மூடியிருந்தன.

அசைந்துவிட்டது, அசைந்துவிட்டது என்று உள்ளே ஒன்று கூவியது. இதற்குத்தானே இத்தனை பாடு. ஓடிப்போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். கைகள் மட்டும் முகத்தைவிட்டு இறங்கவில்லை.

“வந்துருச்சு! நாச்சி, வந்துருச்சு புள்ள!”

அவர் அழுதார். அழுதுகொண்டே மறுபடி இழுத்தார். பலகையில் தோல் வழுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. இன்னும் ஒடுங்கினாள்.

“பாத்தியா? அங்க என்ன பண்ற, இங்க வந்து பாரு…”

பேச்சு பாதியில் நின்றது.

விரலிடுக்கில் பார்த்தாள். பதினேழு மாதம் கழித்து வந்த கையை அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல மூச்சு வேண்டும். இழுத்தார்.

கை மடங்கியது.

அவள் தலை தானாகக் குனிந்தது.

இடது கையால் அந்த மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்தார். பலகையோடு சேர்த்து அழுத்தினார். அதற்குப் பிறகு அவர் மூச்சே இழுக்கவில்லை. நெஞ்சில் மிச்சமிருந்த காற்றில் சொன்னார்.

“அடிக்கலடி நாச்சி. மூச்சுத்தான் இழுத்தேன்.”