நாலு மணிச் சண்டை

சூசையாவும் அவன் மனைவி பிரகாசியும் தினமும் நாலு மணிக்கு முற்றத்தில் சண்டை போடுவார்கள். சுற்றுலாப் பயணிகள் கைதட்டுவார்கள்; ரிசார்ட் சம்பளம் கொடுக்கும். மீன் பிடிப்பதைவிட இதில் வரும்படி அதிகம்.

அன்று, வள்ளத்தை அவன் ரிசார்ட்டின் மதுக்கூடத்துக்கு விற்றது பிரகாசிக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கப்பன் குடுத்த வள்ளத்த என்னையக் கேக்காமலா வித்தீரு?"

பிரகாசி மீன்சட்டியைப் போட்டு உடைத்துவிட்டுத் தாய்வீட்டுக்கு நடையைக் கட்டினாள். பயணிகள் மதிப்பீடு போட முற்றத்துக்கு மேலே மிதந்த ஒளிப்பலகையில் இரண்டே நட்சத்திரம் விழுந்தது: சண்டையில் இயல்பு போதாது.

மறுநாள் மன்னிப்புக் கேட்க ஓடினான் சூசையா. மாமியார் வீட்டு முற்றத்தில் பயணிகள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

பிரகாசி வாசலில் நின்று முணுமுணுத்தாள்.

"வெளிச்சத்துல வந்து கால்ல விழும். நேத்து மாதிரி நெசமாப் பண்ணிக் கெடுத்துராதீரும்."