ஒரு கை

ரிஷபதாஸ் நயினாருக்கு இடது கை விளங்காது. ஆனாலும் ஆயில் மாற்ற ஓரிக்கையில் இருக்கும் என் பட்டறைக்குத் தன் பழைய காரைத் தானே ஓட்டி வந்தார். பானெட்டைத் திறந்தால் பவர் ஸ்டியரிங் பெல்ட்டே இல்லை. அது இல்லாமல் அந்த வண்டியைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும்.

“ஓட்டிக்கினு வந்தீங்களா, தள்ளிக்கினு வந்தீங்களா, நயினாரே?”

“கனகமாலா ஒரு கை குடுப்பாபா.”

கனகமாலா அவர் மனைவி. போன சித்திரையில் பாலாற்றங்கரையில் எரித்தோம். நான் புது பெல்ட் மாட்டி அனுப்பினேன்.

மறுநாளே வந்தார். “பெல்ட்டைக் கழட்டிடுபா.”

“டைட்டா இருக்குதா?”

“நல்லாத்தான் திரும்புது. அவதான் வரல.”

கழற்றினேன். இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். சற்று நேரத்தில் கதவு தானே சாத்திக்கொண்டது. வீட்டுக்குப் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். அது பூப்போல இடப்பக்கம், பாலாற்றுப் பக்கம் திரும்பியது.